முகத்துவாரத்துக்காரி

எனக்குப் பேய் பிடித்தது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், கையில் பஜ்ஜித் தட்டோடு நின்றபோது. பிடிக்கவைத்ததே நான்தான். தொண்ணூறுகளின் கடைசி, எனக்குப் பத்தொன்பது வயசு. மாப்பிள்ளைக்கு மணலியில் கம்பெனி வேலை, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அப்பா முடிவு பண்ணிவிட்டார். எனக்கோ எண்ணூர் முகத்துவாரத்தில் படகு ஓட்டும் ஒருத்தன் இருந்தான். விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவனைப் பார்க்கப் போவேன். சாம்பல் நிறத் தண்ணீரில் கண்டல் செடிகள் மட்டும் எப்படியோ பச்சையாக நிற்கும். அதற்குள் படகை விட்டு, நண்டு வளைகளைக் காட்டுவான். அவ்வளவு அழகான இடத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவன் பேரைச் சொன்னால் அண்ணன் அவன் காலை உடைப்பான். வேறு வழி தெரியவில்லை. தட்டை வீசினேன், பின்னலை அவிழ்த்துவிட்டேன், "எவன்டா இங்க மாப்ள?" என்று கட்டைக்குரலில் கத்தினேன். வந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மா பேயோட்டுகிறவரைக் கூட்டிவந்தாள். அவர் வேப்பிலையால் அடித்து, "யார்டி நீ? பேரச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் வாயில் அவன் பேர்தான் நின்றது. அதை விழுங்கிவிட்டு, இல்லாத ஒருத்தியின் பேரைச் சொன்னேன். முகத்துவாரத்தில் விழுந்து செத்தவள் என்று கதையும் கட்டினேன். அவர் என் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, அவளைக் கட்டிவைப்பதாகச் சொல்லித் தெருமுனைப் புளியமரத்தில் ஆணியடித்தார். உயிர் போகிற வலி.

அதன்பிறகு வாசல்படி தாண்டக்கூடாது. ஒற்றை அறை, ஜன்னலுக்கு வெளியே நகராத கண்டெய்னர் லாரிகள். கோபத்தில் கத்தினால், "அவ இன்னும் போவல." சும்மா இருந்தால், "உள்ள பதுங்கிகினு கீறா." நடித்தேன் என்று அம்மா காலில் விழுந்தேன். அதையும் எனக்குள் இருக்கிற அவள்தான் சொல்கிறாள் என்றார்கள். அவன் வந்தால் போதும், அவனுக்கு என்னைத் தெரியும் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டு அம்மா மார்க்கெட்டுக்குப் போன ஒரு மத்தியானம், ஜன்னலோரம் அவன் வந்து நின்றான். கம்பி வழியாகக் கையை நீட்டினேன்.

"படக எடுத்துகினு வா. இன்னிக்கே போய்டலாம்."

அவன் கையைத் தொடவில்லை. "ஆணி அடிச்சாங்களாமே. போய்ட்டாளா அவ?"

"எவளும் இல்ல. உனக்காகத்தான் நடிச்சேன். சத்தியமா நான்தான் பேசறேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டடி பின்னால் போனான்.

"தண்ணில செத்தவ இப்டித்தான் கூப்டுவாளாம். எங்கம்மா சொல்லி அனுப்பிச்சிது."

அவன் லாரிகளுக்கு இடையில் ஓடினான். வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.