கணக்கில் சேராத கற்பூரம்

அம்மிணி, நீ ஊர் ஊராகப் போய் எழுதிய இந்த இணையப் பக்கத்தில் இன்று நான் எழுதுகிறேன். ஏழாவதோடு நின்ற படிப்பு, பிழை இருக்கும். நீ போய் வருசம் திரும்பிவிட்டது. திதி முடிந்த மறுநாள், நீ கடைசியாக நட்டுவைத்த கருவியைப் பார்க்க மைசூர் கிளம்பினேன்.

நம் ஊர் ஹனூரில் காலை ஆறு மணி பஸ். கொள்ளேகாலில் மாற வேண்டும், எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு கிலோமீட்டர் வரும். ஆதார் காட்டினால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. உட்கார இடமும் இல்லை. கொள்ளேகால் வரை நின்றே போனதில் கால் கடுத்துவிட்டது. மைசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து விஜயநகருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். அங்கே ஒரு மாடியில் இருக்கிற கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னேன்.

"எல்லாரும் அரண்மனை பாக்க வருவாங்க, நீங்க கம்பம் பாக்க வந்தீங்களாம்மா?" என்று சிரித்தார் டிரைவர்.

"எம்புள்ள நட்டதுங்க" என்றேன்.

நாடு முழுக்கக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு கலக்கிறது என்று தரையிலிருந்தே அளக்க வேண்டும். அதற்கு எந்தெந்த ஊரில் கருவி வைப்பது என்று பார்ப்பதுதான் உன் வேலை. விஜயநகர் தேறுமா என்று இந்த மாதம் முடிவு செய்கிறார்களாம். உன்னோடு வேலை பார்த்த சேகர் தம்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு கம்பம், அதில் ஒரு குழாய், கீழே பெட்டி. அவ்வளவுதான். அவர் தண்ணீர் எடுக்க இறங்கிய நேரம், கம்பத்தடியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன்.

"அய்யோ அம்மா, குழாய் காத்த இழுத்துக்கிட்டே இருக்கும்" என்று ஓடிவந்தார். பெட்டியின் திரையில் அளவு காட்டும் கோடு மாட்டுக்கொம்பு மாதிரி எழும்பி நின்றது.

"அவ பாத்த எடத்த நானே கெடுத்துப்போட்டனுங்களா தம்பி? இந்த எடம் வேண்டாம்னு தள்ளிப்போடுவாங்களா?"

"ஒரு கற்பூரத்துக்கா? பக்கத்து வீட்டுல வெந்நீர் அடுப்பு மூட்டினாலே இப்படித்தான் குதிக்கும். 'அம்மா வந்தாங்க, கற்பூரம்'னு குறிச்சுடறேன். அழிக்க மாட்டோம். கணக்குல மட்டும் சேக்க மாட்டோம்."

கோடு பழைய மட்டத்துக்கு இறங்கும்வரை நின்று பார்த்தேன்.

இதுபோலப் பிள்ளை வேலை பார்த்த இடத்துக்குப் போகிறவர்கள் முன்னாலேயே போன் செய்துவிட்டுப் போங்கள். கற்பூரம் பையிலேயே இருக்கட்டும். உங்கள் பக்கமிருந்து குழாய்க்குக் காற்று வீசாதபடி தள்ளி நில்லுங்கள். நம் மூச்சுகூட அதில் ஏறிவிடுமாம். லிஃப்ட் கிடையாது, மெதுவாக ஏறுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டாள். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். இனி யாராவது கேட்டால் உன் தம்பியோடு நிறுத்திக்கொள்ளவா, அம்மிணி, உன்னையும் சேர்த்துச் சொல்லவா?