அழுகிய முட்டை நாற்றம்

மூட்டுவலிக்காரனான நான், ஜெலுத்தோங்கில் வீட்டருகே பள்ளிவாசலுக்குப் போய்வர, பேட்டரியில் ஓடும் சிறு வண்டியான பழைய கோல்ஃப் பக்கி ஒன்று வாங்கினேன். அன்று மழை. அதை ஹாலுக்குள் ஏற்றி, ஜன்னல்களை அடைத்து சார்ஜ் போட்டேன்.

மாலையில் அழுகிய முட்டை நாற்றம். சமையலறையில் தேடியும் முட்டை கிடைக்கவில்லை. நாற்றம் போகட்டுமென்று என் மனைவி ஊதுபத்தி கொளுத்தத் தீக்குச்சியை எடுத்தாள். அப்போது வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டு ராஜன் பதறினார். அவர் பக்கி பழுதுபார்ப்பவர்.

“அக்கா, பத்த வைக்காதீங்க. பேட்டரி கேஸ் லா இது, வெடிச்சிரும். சுவிட்சையும் தொடாம வெளிய வாங்க.”

கதவைத் திறந்துபோட்டு வெளியேறினோம். வெளிச்சுவரிலிருந்த மெயின் சுவிட்சை ராஜன் அணைத்தார். சார்ஜர் கெட்டு, பேட்டரி நிறைந்தும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது புது சார்ஜர். வீட்டு முன்னால் திறந்த போர்ச்சில், பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் போடுகிறேன். மழை வந்தால் சார்ஜ் கிடையாது. அன்று பள்ளிவாசலுக்கு ராஜன் காரில் போகிறேன்.