நடுவர் நாற்காலியில் அப்பா

டென்னிஸில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று இப்போதெல்லாம் கேமராவே சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் காரைக்காலில் அதைச் சொன்னவர் என் அப்பா. பள்ளிக்கூட டிரில் வாத்தியார். ஊரில் விதி தெரிந்த நடுவர் அவர் ஒருவர்தான். ஊரில் டென்னிஸ் ஆடிய பெண்ணும் நான் ஒருத்திதான். வந்தது வினை.

கோட்டுக்குப் பக்கத்தில் நான் எதை அடித்தாலும் அவுட். கோட்டின் மேலேயே விழுந்தாலும் அவுட். மகளுக்குச் சாதகம் செய்கிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்ற பயம், வேறென்ன? மட்டையைத் தரையில் ஓங்கி அடிக்கப் போவேன். மர மட்டை, உடைந்தால் வேறு கிடையாது என்பது ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொள்வேன். வேறு வழியில்லாமல் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே அடிக்கப் பழகினேன். என் துல்லியத்தை எல்லோரும் மெச்சினார்கள். துல்லியமாவது மண்ணாவது, எல்லாம் அப்பா மேல் இருந்த ஆத்திரம்.

ஒரு வருடம் பெண்கள் இறுதிப் போட்டி எங்கள் ஊர்ச் செம்மண் மைதானத்திலேயே நடந்தது. ஜெயிப்பவள் மதராஸ் போய் ஆடலாம். நான் அதுவரை நாகப்பட்டினத்தைத் தாண்டியதில்லை. ஆசையில் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. எதிரே ஆட வந்தவள் பாண்டிச்சேரி அதிகாரி ஒருவரின் மகள். அவளுக்குக் கடையில் வாங்கிய வெள்ளைப் பாவாடை. எனக்கு அப்பாவின் பழைய வேட்டியில் தைத்த கவுன். முதல் செட்டிலேயே ஒரு பக்கத் தையல் விட்டுப்போனது. கடல்காற்று வேறு. இடது கையால் கவுனைப் பிடித்துக்கொண்டே ஆடினேன். சர்வீஸ் போடும்போது மட்டும் அதை மாதாவின் பொறுப்பில் விட்டேன். எதிரே ஆடியவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் மதராஸ் என்ற கட்டம் வந்தது. தலைகால் புரியவில்லை. ஒரு முழக் கணக்கை மறந்து கோட்டுக்கே அடித்துவிட்டேன். சுண்ணாம்பு புகையாகக் கிளம்பியது. கூட்டம் எழுந்து கை தட்டியது. அப்பா உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டு அவுட் என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அந்தப் பாண்டிச்சேரிப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு நாற்காலியடிக்கு நடந்தாள். “சார், பந்துல சுண்ணாம்பு ஒட்டியிருக்குங்க. அவங்கதான் ஜெயிச்சாங்க,” என்றாள்.

அப்பா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தீர்ப்பை மாற்றினார். கவுனாவது ஒன்றாவது, வலையைச் சுற்றி ஓடிப்போய் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். அதற்கப்புறம் கோப்பையை யார் கொடுத்தார்கள் என்பதுகூட நினைவில்லை.

சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கோப்பையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். வீடு இருந்த தருமபுரம் நெருங்கியது. கடைசியில் கேட்டே விட்டேன், ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பெண்ணின் பந்தை அவுட் என்பீர்களா என்று.

அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

“ஊருக்கென்னம்மா பயம்? ஒன் பந்து ஒவ்வொன்னும் உள்ள விழணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். அப்பறம் எங் கண்ணு சொல்றத நான் எப்புடி நம்புறது?”

அப்படியே அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சைக்கிள் தள்ளாடி, இரண்டு பேரும் கோப்பையோடு வாய்க்காலில் விழுந்தோம்.