மூன்று ஷிப்ட் பார்த்த அவரை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். இந்தப் பத்திரிகைக்கு அச்சுக் கோர்க்கும் நண்பர் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்...

வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். என் மனைவி சரோஜாவின் பெயரில் இருக்கிறது. செடி அவரை போட்டிருந்தோம். குருத்து கருகியது. இலை தடித்து முறுக்கிக்கொண்டது. பூத்தது — காய்க்காமல் கொட்டியது.

நிலத் தரகர் பார்த்துவிட்டு சரோஜாவிடம் சொன்னார்: "மண்ணு செத்துப்போச்சுக்கா. இன்னாத்துக்கு இத்த கட்டிக்கினு அழுவுற? கம்பெனிக்காரன் கேக்கும்போதே குட்த்துடு."

"இந்தத் தடவையும் காய்க்கலன்னா குட்த்துடலாம்யா" என்றாள் சரோஜா. எனக்கு விற்க மனமில்லை. வாயைத் திறந்தேனா? இல்லை.

இலையை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் உரக்கடைக்குப் போனேன். "போரான் சத்து கம்மி. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் வெங்காரம், அதான் போராக்ஸ் பொடி. ஒரே தடவை ஊத்துங்க. அதிகமானா அவரை தாங்காது" என்றார் கடைக்காரர்.

வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

மூவருக்கும் கம்பெனி வேலை. நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட். மதியம் வந்து ஊற்றினேன். சரோஜா ஜெனரல் ஷிப்ட். சாயங்காலம் வந்து ஊற்றினாள். எங்களோடு இருக்கும் அவள் தம்பி, என் மச்சான் முருகனுக்கு நைட். கிளம்பும்போது அவனும் ஊற்றினான். கம்பெனியில் அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லாமல் மெஷினை விட்டு நகர மாட்டோம். வீட்டில்?

சில நாளில் இலை ஓரமெல்லாம் மஞ்சளாகித் தீய்ந்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"செடியையே ஓவர்டைம் பாக்க வச்சிட்டோம் மாமா!" என்றான் முருகன்.

"வாய மூட்றா" என்றாள் அவன் அக்கா சரோஜா.

மறுபடி வந்தார் தரகர். ஒரே சிரிப்பு. "நான்தான் சொன்னேனே, செத்த மண்ணுன்னு!"

எங்கிருந்து வந்ததோ எனக்குக் குரல்... "மண்ணு சாவல. பசிச்சிருந்த செடிக்கு நாங்க மூணு பேரும் தனித்தனியா ஊட்டிட்டோம். நெலம் விக்கறதுக்கு இல்ல. கெளம்புங்க."

"யோவ், நீ பேசுவியா?" என்று கேட்டார் அவர்.

சரோஜா குடத்தை எடுத்தாள். "தண்ணி எறைக்கலாம் வா" என்றாள்.

எங்களுடையது மணல் கலந்த மண். நிறையத் தண்ணீர் விட்டால் அதிகப்படி வெங்காரம் கீழே இறங்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மூன்று ஷிப்டும் இறைத்தோம் — இந்தத் தடவை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு. தீய்ந்த இலை உதிர்ந்தது. குருத்து நேராக வந்தது.

சத்து குறைந்தாலும் செடி வாடும், கூடினாலும் வாடும். வாடினதையெல்லாம் செத்தது என்று சொல்ல ஒரு ஆள் கதவருகில் நிற்பான். அவன் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்?

இன்று முதல் பறிப்பு. தரகர் வந்தால் ஒரு கை அவரை கொடுக்கலாம் என்கிறாள் சரோஜா.

காயை மட்டும்தான்.

எழுதியது: 1991, புரட்டாசி, ஒரு ஞாயிறு. மூவருக்கும் வீக்லி ஆஃப்.