எங்கள் கொக்ஸ் சொன்ன ‘ஈஸி’

படகோட்டத்தில் ‘ஈஸி’ என்றால் துடுப்பு வலிப்பதை உடனே நிறுத்து என்று அர்த்தம். திகனப் பக்கத்து நீர்த்தேக்கத்தில், பல்கலைக்கழக வளாகங்களுக்கிடையிலான பந்தயத்தின் பாதி வழியில், எங்கள் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் கொக்ஸ் அந்தச் சொல்லைச் சொன்னாள். நான்கு பேரும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டோம். அவள் சுக்கானை ஒடித்துத் திருப்பினாள். பக்கத்துப் படகு எங்களைத் தாண்டிப் போனது. மறுபடி வலித்தும் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

நான்கு பேர் வலிக்கும் படகில் ஐந்தாவது ஆள்தான் கொக்ஸ். வலிக்கிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம்; எங்களுக்கு வந்த வழி மட்டுமே தெரியும். முன்னால் பார்ப்பதும் திருப்புவதும் கட்டளையிடுவதும் கொக்ஸின் வேலை. அவளுக்கு நேரெதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருப்பவர் ஸ்ட்ரோக். மற்ற மூவரும் ஸ்ட்ரோக்கின் தாளத்துக்கே வலிக்க வேண்டும். அந்த இருக்கை என்னுடையது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வளாகத்துக்குப் போன எனக்கு, மூன்று பேர் என்னைப் பார்த்து வலிப்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் அந்தத் தோல்வியை, என்னிடமிருந்து ஒரு பொருளைப் பறித்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

முன்னுக்குக் கட்டை மாதிரி ஒன்று கிடந்ததாகக் கரையில் அவள் சொன்னாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது வெறும் தண்ணீர்தான். வேறு எந்தப் படகும் எதிலும் மோதவில்லை. வென்ற படகில் வலித்தவர்களில் ஒருத்தி எங்கள் கொக்ஸுடைய சாச்சி மகள், சின்னம்மாவின் பெண். பந்தயத்துக்கு முன் இருவரும் படகு கட்டும் ஜெட்டி ஓரத்தில் தலையோடு தலை வைத்துப் பேசியதை நான் கண்டிருந்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது போலவும் தோன்றியது. அவள் ‘ஈஸி’ சொன்ன கணத்தில் அவளுடைய முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்கள் விரிந்து, உதடு வெளுத்திருந்தது. குற்றம் செய்கிறவளின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பயிற்றுநர் ஸர் படகுக் கொட்டகையில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஏதாவது கண்டாயா என்று மட்டும்தான் என்னிடம் கேட்டார். இல்லை என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கேட்காமலே சாச்சி மகளைப் பற்றியும் சொன்னேன். அடுத்த வாரம் கொக்ஸ் இருக்கையில் வேறொரு பெண் இருந்தாள். எங்கள் கொக்ஸ் அதற்குப் பிறகும் இரண்டு நாள் வந்து துடுப்புகளைக் கழுவிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. குட்டு வெளிப்பட்டதில் பயந்து விலகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

இப்போது நான் கண்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக்குள்ளான வாகனங்களைப் பரிசோதிக்கிறேன். ஆட்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதுதான் உத்தியோகம். சென்ற மாதம் திகனவில் ஒரு வேனைப் பார்த்துவிட்டு, டோர்ச் பற்றரி வாங்க ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “ஸ்ட்ரோக் தானே?” என்றாள். எங்கள் பழைய கொக்ஸ்.

தேத்தண்ணி வரவழைத்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். எழும்பிப் போயிருக்கலாம், முடியவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே கட்டை இருந்ததா என்று கேட்டேன். ஸரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அது அவளுக்குப் புதிதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“கட்டையா நெழலா, எனக்கே இன்னும் தெரியா,” என்றாள். “தண்ணில கறுப்பா ஒண்டு ஈந்திச்சி. சுத்திப் போக நேரமில்ல. அந்தப் படகு முட்டினா ரெண்டாப் பொளக்கும்.”

“சந்தேகத்துக்காகவா நிப்பாட்டுனீங்க? நாமதானே முன்னுக்குப் போனோம்.”

“உனக்கு நீந்த ஏலாண்டு எனக்குத் தெரியும்.”

நான் எவரிடமும் சொல்லாத விஷயம் அது. நீச்சல் தெரியாதவர்களைப் படகில் ஏற்றமாட்டார்கள். நீச்சல் பரீட்சை நாளில் என் பெயரைச் சொல்லி விடுதித் தோழி ஒருத்தி நீந்தினாள். அந்தப் பொய்யின் மேல்தான் நான் ஸ்ட்ரோக் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். எப்படித் தெரியும் என்றேன். ஒருமுறை ஜெட்டியில் என் செருப்பு தண்ணீரில் விழுந்ததாம். இடுப்பளவு ஆழம்தானாம். நான் இறங்காமல் வெறுங்காலோடு பஸ் ஏறிப் போனேனாம்.

அதை ஏன் ஸரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அவளுடைய பெயர் அன்றைக்கே தப்பியிருக்கும்.

“சென்னா ஒன்னயப் படகுலேந்து எடுத்துப் போட்டிருப்பாங்க,” என்றாள். பிறகு பற்றரியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, சாச்சி மகளைப் பற்றி ஸரிடம் சொன்னது நான்தான் என்று அப்போதே தெரிந்திருந்தால் ஒருவேளை தானும் சொல்லியிருக்கக்கூடும் என்றாள். சிரிக்கவில்லை.

படகில் வலித்த மற்ற மூவருக்கும் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். சொல்லியும் விட்டேன். அன்று கடைப் படியில் இறங்கும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்:

“இப்பவாவது நீந்தப் பழகிட்டியா?”

இல்லை என்றேன்.

“சனிக்கிழமை மகளக் கூட்டிட்டுக் குளத்துக்குப் போறேன்,” என்றாள். “வா.”