சாயம் போடாத ஒரு துளி

அம்சவேணி அக்கா இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. ஆவடியிலிருந்து அம்பத்தூர் போகும் வண்டி, நல்ல கூட்டம். தெரியாத எண்ணாக இருந்ததால் முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. முகப்பேரில் அக்காவின் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் பேசினார். காலையில் போட்ட பால் பாக்கெட் மதியம்வரை கதவுப் பையிலேயே இருந்ததைப் பார்த்து, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்திருக்கிறார். அக்கா கட்டிலில் தூங்குவதுபோலவே இருந்தாராம்.

"அவங்க போன்ல கடைசியா உங்க நம்பர்தான் இருந்தது. நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"கூட வேலை பார்த்தவ" என்றேன்.

"சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

குத்தம்பாக்கத்தில் அக்காவின் அண்ணன் மகன் இருக்கிறார் என்று சொல்லி அவருடைய எண்ணைக் கொடுத்தேன். வண்டி மாறி முகப்பேர் போனேன். முகப்பேர் வரும்வரை நின்றுகொண்டே வந்திருக்கிறேன். வழியில் பாதி வண்டி காலியானது எனக்குத் தெரியவில்லை.

பூந்தமல்லியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேப் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அங்கே இருந்தவர்களும் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஓய்வு பெற்றபின் அம்சவேணி அக்கா எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா லேப் டெக்னீசியன். நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்பவள். அவர் உள்ளறையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லுவார், நான் வாசல் பக்கம் உட்கார்ந்து அடித்துக்கொண்டே போவேன். நடுவில் ஒரு பச்சைத் திரை. வருஷக்கணக்காக அவர் முகத்தைவிட அவர் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம். காத்திருக்கும் நோயாளிகள் திரையை விலக்கி, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்லுவாரு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கல் மனசு என்று நான்கூட நினைத்ததுண்டு. ஒருமுறை கேட்டும்விட்டேன். "நான் மூஞ்ச தூக்கிகினு பாத்தேன்னா அவங்க கண்டுபுடிச்சிருவாங்க மல்லிகா. அதான் குனிஞ்சிகினே கீறேன்" என்றார்.

அவருடைய தங்கை சுகுணா அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். சுகுணா கலகலப்பான பேர்வழி. நெற்றியில் பெரிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டு அக்காவைக் கூட்டிப் போக வருவார். வந்தால் லேப் முழுக்கச் சத்தம்தான். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அக்கா தானே ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் குரல் வரவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியதும், அவர் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனதும் எனக்குத் தெரியும். பிறகு அக்கா சொல்லத் தொடங்கினார். எல்லோருக்கும் சொல்வதுபோலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல். நானும் அடித்தேன். கடைசி வரியில் ரத்தப் புற்று என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது. "பேர் என்னக்கா?" என்று கேட்டேன். "சுகுணான்னு போடு" என்றார்.

மறுநாள் காலைதான் டாக்டர் சுகுணாவிடம் பேசுவதாக இருந்தது. இடையில் ஒரு இரவுச் சாப்பாடு இருந்தது. அதைப் பற்றி அக்கா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். "வஞ்சிரம் மீன் வாங்கியாந்து கொளம்பு வச்சிருந்தா. கம்பெனில சூப்பர்வைசரு இன்னா சொன்னான், இவ இன்னா சொன்னான்னு பேசிகினே கீறா. நானும் சிரிச்சிகினே துன்னேன்."

அடுத்த சித்திரை வரைகூட சுகுணா இல்லை.

அதற்குப் பின்னும் அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். ரத்த அணுக்களைத் தானே எண்ணிச் சொல்லும் இயந்திரங்கள் வந்தபின் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும் வகை, லென்ஸில் பூஞ்சை பிடித்தது. வேலையை விட்டுப் போகும்போது, "சார், அத்த நான் எடுத்துக்கறேன்" என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய இரும்புக்குப் போட வேண்டிய சாமானையா கேட்கிறீர்கள் என்று எல்லோரும் சிரித்தோம்.

என் கணவர் இறந்து, மகன் வேலைக்காகப் புனேவுக்குப் போய், ஆவடி வீட்டில் நான் தனியாகிப்போன பிறகுதான் சனிக்கிழமை மதியங்களில் அக்காவைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் மைக்ரோஸ்கோப். லென்ஸைத் துடைத்துத் துடைத்துத் தெளிவாக்கியிருந்தார். அடியில் வெளிச்சம் பிடிக்கும் கண்ணாடி இருந்த இடத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கு. பக்கத்தில் மூடி போட்ட பாட்டில்களில் ஏரித் தண்ணீர், மொட்டை மாடிப் பாசி, பூந்தொட்டித் தட்டில் தேங்கியது.

"எதுக்குக்கா இதெல்லாம்? இத்தனை வருஷம் பார்த்தது போதாதா?"

"இத்தினி வருசமும் சீக்கைத்தான பாத்தேன்? சீக்கில்லாத எத்தையாவது பாக்கலாம்னு" என்றார்.

ஆனால் முதல் நாள் ஒன்றுமே தெரியவில்லையாம். ஏரித் தண்ணீரில் இருப்பவை தண்ணீரைப் போலவே நிறமற்றவை. வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளைக்குள் வெள்ளையாக மறைந்துவிடும். ஏதோ நகர்வது மட்டும் தெரிந்திருக்கிறது. கை பழகிய வேலைதானே, லேபில் செய்வதுபோல ஓரத்தில் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டிருக்கிறார். உடனே எல்லாம் அழகாகத் தெரிந்தது. வாய், வயிறு, உடம்பைச் சுற்றி முடிபோல இழைகள். எல்லாம் அப்படியே நின்றும் போயிருந்தது.

"சாயம் பட்டதும் செத்துப்பூட்ச்சு. அதுவரைக்கும் எனக்கு அது தோணவேயில்ல மல்லிகா. லேப்ல சாயம் போடறது எல்லாமே காஞ்சதுதான? இது என் கண்ணு முன்னால ஓடிகினு இருந்திச்சு."

அதற்குப் பிறகு அவர் சாயப் பாட்டிலைத் தொடவில்லை. சாயமில்லாமல் தெரிய வைக்க என்ன வழி என்று தேடினார். சொட்டு வைக்கும் மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸை இறக்கிப் பார்த்தார். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அப்படிச் செய்வது அவருக்குப் பழக்கம்தான். வெளிச்சம் வரும் துவாரத்தைச் சுருக்கினார். உருவம் எடுப்பாகத் தெரிந்தது, ஆனால் ஓரமெல்லாம் தடித்து நுணுக்கம் போய்விட்டது. அட்டைத் துண்டு ஒன்றைப் பாதி மறைப்பாகச் செருகினார். சாய்வாக வந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் தெரிந்தன. அதில் சில வாரம் ஓடியது. போனில் யாரோ எந்த நாட்டிலோ செய்து காட்டும் காணொளிகளைப் பாஷை புரியாமல், சத்தத்தைக் குறைத்துவிட்டு, கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப் பார்த்துக் கற்றதுதான் கறுப்புப் பின்னணி. வெளிச்சத்தின் நடுப்பகுதியை ஒரு வட்டத்தால் அடைத்துவிட வேண்டும். ஓரத்திலிருந்து மட்டும் சாய்வாக வெளிச்சம் வரும். நேராகக் கண்ணுக்கு ஒன்றும் வராது, எல்லாம் இருட்டு. தண்ணீரில் உள்ள உயிரின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி மட்டும் மேலே ஏறி வரும். அந்த வட்டம் சரியான அளவில் வேண்டும். சின்னதானால் பின்னணி சாம்பல் நிறமாகும், பெரிதானால் எதுவுமே தெரியாது. அட்டையில் வெட்டிய எதுவும் ஒழுங்காக அமையவில்லை. ஒரு சனிக்கிழமை நான் போனபோது அலமாரியிலிருந்து சுகுணாவின் பொட்டு அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பியிருந்தார். கெட்டியான கறுப்பு வெல்வெட், பிசிறில்லாத வட்டம், பல அளவுகள். ஒன்றை உரித்துக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் துண்டின் நடுவில் ஒட்டி, கீழே செருகினார்.

கண்ணை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நகர்ந்து, "வா, பாரு" என்றார்.

மை போன்ற இருட்டு. அதற்குள் மணி வடிவத்தில் ஒன்று, நூல் போன்ற காம்பில் நின்றுகொண்டு வெள்ளி போல் ஒளிர்ந்தது. திடீரென்று காம்பு சுருண்டு உள்ளே போனது. பிறகு மெதுவாக நீண்டது. நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன் போல. அக்கா சிரித்தார். சுகுணா போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "சோக்கா கீதுல்ல?" என்றார்.

பிறகு வந்த சனிக்கிழமைகளை நான் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கவில்லை. மாறி மாறிப் பார்ப்போம். அதிகம் பேசமாட்டோம். ஒரு டம்ளர் காபி, கொஞ்சம் முறுக்கு. பொழுது சாய்ந்ததும் கிளம்புவேன். படியிறங்கும்போது மேலிருந்து கதவு சாத்தும் சத்தம் கேட்கும். வாரத்தின் மற்ற நாட்களில் எங்கள் இருவருக்குமே பேச ஆள் கிடையாது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன வருஷம் அவர் மெலியத் தொடங்கினார். மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். முழங்கையில் நீலத் திட்டு ஒன்றைப் பார்த்து, "எங்கக்கா இடிச்சிக்கிட்டீங்க?" என்றேன். "எங்கயோ" என்றார். சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் உள்ளே நுழைந்ததும் கை காட்டி உட்காரச் சொன்னார். ஏற்கெனவே ஏதோ வைத்திருந்தார். கண்ணை வைத்தேன். இருட்டில் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள். ஒன்றையொன்று இடித்தபடி மிதந்தன.

"என்னக்கா இது? எந்த ஏரி?"

"ரத்தம். என்னுது."

அவர் இடது கை விரல் நுனியில் பஞ்சு இருந்தது.

"இத்த வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. சீக்கு கீதா இல்லியான்னு தெரியணும்னா காய வச்சி, சாயம் போட்டுப் பாக்கணும். பாட்டிலு அதோ கீது. நான் போடல."

"ஏன்க்கா?"

"சுகுணாவுத அப்டிதான பாத்தேன். அவ ரத்தத்த ஒரு தபாகூட உயிரோட பாக்கல." மைக்ரோஸ்கோப்பைக் காட்டி, "நடுவுல பெர்சா ஒண்ணு கீது பாரு. நவுருதா?" என்றார்.

வளையங்களுக்கு நடுவே வடிவமில்லாத ஒரு வெள்ளணு இருந்தது. உற்றுப் பார்த்தாலும் நகர்வது தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் சற்று இடம் மாறியிருந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரி போகணும்க்கா. நீங்க வரலேன்னா நான் இங்கிருந்து கிளம்பமாட்டேன்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"வரமாட்டேன்னா சொன்னேன்? நாளைக்கு ஞாயித்துக்கெயம, டாக்டரு இருக்கமாட்டாரு. திங்கக்கெயம போலாம். இன்னிக்கு இத்த பாத்துக்கறேன்."

சொன்னபடியே திங்கட்கிழமை வந்தார். முடிவு வந்தபோது உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்து, டாக்டரிடம் தரச் சொன்னார். டாக்டர் வாசித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். தலைகீழாக இருந்தும் கடைசி வரியை என்னால் வாசிக்க முடிந்தது. சுகுணாவுக்காக நான் அடித்த அதே சொல். அக்கா அந்தத் தாளைக் கடைசிவரை கேட்கவில்லை.

மாத்திரைகளும், அவ்வப்போது ஏற்றிக்கொள்ளும் ரத்தமுமாகச் சில மாதங்கள் ஓடின. வயதைக் காட்டி அதற்குமேல் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சனிக்கிழமைகள் நிற்கவில்லை. வெகுநேரம் உட்கார முடியாமல் போனதும் கட்டிலை மேஜையருகே இழுத்துப் போட்டோம். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஒண்ணு வருதுக்கா. பேர் தெரியல."

"பேரு இன்னாத்துக்கு? இன்னா பண்றான், அத்த சொல்லு."

"சுத்துறான். தலையில ரெண்டு சக்கரம் மாதிரி இருக்கு. ஏதோ முழுங்குறான்."

"துன்னட்டும், துன்னட்டும்" என்றார்.

அதுதான் எங்கள் கடைசி சனிக்கிழமை. இரண்டு மூன்று நாளில் அந்த போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் மகன் என்னைக் கூப்பிட்டார். திருமழிசைப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், நல்ல பிள்ளை. "இந்த மைக்ரோஸ்கோப்ப நாங்க இன்னா பண்ணப் போறோம், நீங்களே வச்சிக்கோங்க" என்றார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஆவடி வந்தேன். பல நாள் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன்.

எதையும் பெயர் சொல்லித் தீர்ப்பு எழுதாமல், அது உயிரோடிருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதைத் தனியாகச் செய்ய வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை என் வீட்டு மாடியில் மழைநீர் தேங்கிய ஒரு மூலையிலிருந்து சொட்டு எடுத்து வைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒளியாக ஒன்று உருண்டுகொண்டே வட்டத்துக்குள் வந்தது. பச்சை உருண்டை, அதற்குள் சின்னச் சின்ன உருண்டைகள். இதுவரை நாங்கள் பார்க்காதது. கண்ணை எடுத்து, "அக்கா" என்று திரும்பிவிட்டேன். கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி கண்ணை வைத்தேன். அது இன்னும் அங்கேயே உருண்டுகொண்டிருந்தது.