டப்பாவுக்கு எடுத்த டிக்கெட்

சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று ஆனபோது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பயம்தான் வந்தது. நாளைக்கே நிறுத்திவிட்டால்? பழக்கம் விட்டுப்போன பிறகு மாதச் செலவில் பஸ் காசு திரும்ப வந்து உட்கார்ந்தால் எதைக் குறைப்பது, அரிசியையா கேஸையா? அதனால் தினமும் காலையில் போகவர ஆகும் டிக்கெட் காசை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பஸ்ஸில் கொடுக்கிற காசில்லா டிக்கெட்டையும் வீடு வந்து சேரும்வரை உள்ளங்கையில் மடித்து வைத்திருப்பேன். செக்கிங் ஏறினால் காட்ட வேண்டுமே.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். வீடு சென்னீர்குப்பம். பூந்தமல்லி ஸ்டாண்டு வரை நடந்து, அங்கிருந்து வானகரம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட். துணி தைக்கும் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. லேத் பட்டறைக்கு பைக்கில் போகிற என் வீட்டுக்காரருக்கு இந்த டப்பா ஒரு வேடிக்கை. "இன்னா, டப்பாவுக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை உதைப்பார்.

எங்கள் ஒரே மகளுக்கு எஸ்டேட் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. கிடைத்தது. அன்றைக்கே எனக்குத் தூக்கம் போயிற்று. காலை நேரத்து பஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கல்லூரி பஸ் என்றால் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவான். அதற்கு ஒரு வருஷத்துக்குக் கேட்ட பணமும் டப்பாவில் இத்தனை வருஷம் சேர்ந்ததும் ஏறக்குறைய சரியாக இருந்தது. கட்டிவிடுவோம் என்றேன்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காசில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடு, நான் உன்னைப்போல பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். லேப்டாப் இல்லாமல் அந்தப் படிப்பு படிக்க முடியாதாம். இரண்டும் வாங்க எங்களிடம் காசு இல்லை. ஒரு வாரம் நானும் அவளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான், ஒருநாள் அவளோடு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்றார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கூட்ட நேரத்திலேயே அவளைக் கூட்டிப்போனேன். எப்படி ஏறுவது, எங்கே நிற்பது, பையை எப்படி முன்பக்கம் மாட்டுவது என்று ஸ்டாண்டு வரை பாடம். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும் இடம் போய்விடுமே என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் காதில் வாங்கவில்லை. ஏறி, சீட்டும் பிடித்தாயிற்று.

கண்டக்டர் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, தெனமும் வர்ற ஆளுதான நீ? போர்டு பாக்காம ஏறிகீற. இது டீலக்ஸ், ஃப்ரீ கெடையாது. காசு எடு."

பர்ஸைத் திறந்தேன். டப்பாவில் போட்டுவிட்டு வருகிறவள், பர்ஸில் காசு வைப்பதையே மறந்து பல நாள். ஒரு ஊக்கும் இரண்டு தலைவலி மாத்திரையும் இருந்தன. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் செல்போன் கவரைக் கழற்றி, அதற்குள் நாலாக மடித்திருந்த நூறு ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு எஸ்டேட் குடுங்கண்ணா."

அவர் போனதும் மெதுவாகச் சொன்னாள். "ஏறும்போதே சொன்னேன்லம்மா, இது நம்ம பஸ் இல்லன்னு."

எப்போதிலிருந்து அந்த நோட்டு அங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"செல்லு வாங்குன அன்னிக்கே வச்சிட்டேன். எதுனா ஆயிட்டா இன்னா பண்றது? உன் பொண்ணுதான நானு."

இரண்டு டிக்கெட்டையும் வாங்கி உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் பாதியை அவளே சுமந்துகொண்டிருக்கிறாள், அதுவும் என்னைவிடப் பத்திரமாக என்று தெரிந்தது.

சாயங்காலம் டப்பாவை அப்படியே அவள் மடியில் வைத்தேன். லேப்டாப் வாங்கிக்கொள் என்றேன். அவள் அப்பா எட்டிப் பார்த்து, இனிமேல் கேலி பண்ண எனக்கு எதுவும் இல்லையா என்றார்.

மறுநாள் காலையில் ஒரு நூறு ரூபாயை மடித்து என் செல் கவருக்குள் வைத்தேன். பிறகு காலி டப்பாவைத் துடைத்து, அன்றைய டிக்கெட் காசைப் போட்டேன். இந்த முறை இரண்டு பேருக்கு.